அவர் கையில் நான் குத்திய புள்ளி

போன வருஷம், மார்கழிக் குளிர் தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். நோர்வூட்டிலிருந்து ஹட்டன் போகும் பாதையில் இருக்கிற ஒரு மாதா கோயில் மண்டபத்தில் இது நடந்தது. நான் அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட வைத்தியசாலை ஒன்றில் பல வருஷமாகத் தாதியாக வேலை பார்க்கிறேன். தோட்டத்துச் சனங்களுக்கு நான் 'மிஸ்ஸி'. ஊசி போடுவதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. "மிஸ்ஸி கை பட்டா வலியே தெரியாது" என்று சொல்லிச் சொல்லியே இவர்கள் என்னைக் கெடுத்து வைத்திருந்தார்கள்.

அந்த வாரம் எங்கள் ஃபாதர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். இளைஞர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் கலை விழாவுக்குக் கொழும்பிலிருந்து ஒரு பெண் வருகிறாராம். பச்சை குத்துவதையே மேடையில் ஒரு கலையாகச் செய்து காட்டுவாராம். அதிலும் அவர் யாருக்கும் குத்தப் போவதில்லை. பார்க்க வந்த சனங்கள்தான் அவர் கையில் ஆளுக்கொரு புள்ளி குத்த வேண்டுமாம். ஃபாதர் அவசரப்பட்டுச் சரி என்று சொல்லிவிட்டு, பிறகு பயந்து போயிருந்தார். "ஊசி சமாச்சாரம், நீங்க பக்கத்துல இருந்தீங்கன்னா எனக்கு நிம்மதி" என்றார்.

எனக்கு இதெல்லாம் பிடிக்காது. காதலியின் பெயரைக் கையில் குத்திக்கொண்டு, கல்யாணம் வேறு இடத்தில் முடிவானதும் இதை எப்படி அழிக்கலாம் என்று என் முன்னால் வந்து நிற்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். சீழ் பிடித்த கைகளுக்கு மருந்து கட்டியிருக்கிறேன். ஏதாவது ஒரு குறை கண்டுபிடித்து இதை நிறுத்திவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் மண்டபத்துக்குப் போனேன்.

குறை கிடைக்கவில்லை. ஆளுக்கொரு புது ஊசி, உறை பிரிக்காமல் இருந்தது. கையுறை இருந்தது. பாவித்த ஊசியைப் போட மூடி வைத்த பெட்டி இருந்தது. மேசையைத் துடைத்த விதத்தைப் பார்த்தாலே பொறுப்பான ஆள் என்று தெரிந்தது. வேறு வழியில்லாமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முப்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, வெட்டிய தலைமுடி. தொடங்குவதற்கு முன் சனங்களைப் பார்த்துக் கொஞ்சம் பேசினார். அவருடைய அம்மா இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயம் என்கிற வரிசை வீட்டில் பிறந்தவராம். சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டு, அதற்குப் பிறகு ஊருக்குத் திரும்பி வரவே இல்லையாம். இப்போது அம்மா உயிரோடு இல்லை. "எனக்கு இங்க யாரையும் தெரியாது. ஆனா என் கையில இந்த ஊர் ஆளுங்க ஒரு நெரை போட்டுக் குடுத்தா, நானும் இந்த ஊருன்னு சொல்லிக்குவேன்" என்றார். கொழுந்து பறிக்கப் போகிறவர்களுக்கு நிரை என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. காலையில் மலைக்குப் போனதும் ஆளுக்கொரு வரிசைச் செடியைப் பிரித்துக் கொடுப்பார்களே, அதுதான்.

கூட்டத்தில் யாரோ, "உங்கம்மா மேக்கணக்கா, கீக்கணக்கா?" என்று கேட்டார்கள். தோட்டத்தின் மேல் பிரிவா, கீழ்ப் பிரிவா என்று அர்த்தம். எங்கள் ஆட்கள் ஊர் விசாரிப்பது அப்படித்தான். அவருக்குப் பதில் தெரியவில்லை. முகம் சுருங்கிப் போனதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

அவருடைய வலது கையில் வேறு ஊர்களில் சனங்கள் குத்திய வரிசைகள் இருந்தன. அடிமட்டம் வைத்துக் கோடு போட்ட மாதிரி அத்தனை நேர். இடது கையை எங்கள் ஊருக்கென்றே வெறுமையாக வைத்திருந்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் ஊதாப் பேனையால் ஒரு கோடு மட்டும் வரைந்திருந்தது. மெஷின் ஒன்றும் கிடையாது. பென்சில் அளவு குச்சியின் முனையில் ஊசி. மையில் தோய்த்து, தோலின் மேலாக மெல்லத் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும், ஆழமாகப் போகக் கூடாது என்று செய்து காட்டினார். கடைசியாக ஒரு நிபந்தனை சொன்னார். உட்கார்ந்தால், கோடு முடிந்து எழும்பும் வரைக்கும் அவர் வாய் திறக்க மாட்டார். வருகிறவர்கள் வரலாம், அவ்வளவுதான்.

விழா நடத்திய இளைஞர்கள் நாலைந்து பேர் முதலில் வந்து, பயந்து பயந்து புள்ளி வைத்தார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. ஞாயிறு அரைநேரம் கொழுந்து பறித்துவிட்டு வந்திருந்த பெண்கள் பின் வாங்குப் பலகைகளில் உட்கார்ந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். அந்தப் பெண் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். நேரம் போகப் போக அந்தக் கை எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. பந்தியில் இலை போட்டும் யாரும் பரிமாறாமல் விட்டுவிட்டால் எப்படி இருக்கும், அப்படி.

பக்கத்துப் பாடசாலையில் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர் முன் வரிசையில் இருந்தார். "மிஸ்ஸி, உங்கட கைக்கு இதென்ன பெரிய வேலையே? போய் ஒண்டு வையுங்கோவன்" என்றார். "ஆமா மிஸ்ஸி, நீங்க போங்க" என்று பின்னாலிருந்தும் குரல் வந்தது. எனக்கு அந்தப் பெண் மேல் இரக்கமாகத்தான் இருந்தது. ஆனால் எழும்பியது இரக்கத்தில் மட்டுமில்லை. எப்படிச் செய்வதென்று இவர்களுக்குக் காட்டுவோம் என்ற எண்ணமும் இருந்தது.

கையுறை போட்டேன். ஊசியை மையில் தோய்த்தேன். கோட்டின் மேல் இடம் பார்த்தேன். அந்த நேரம் என் வாய் என்னைக் கேட்காமலேயே தன் வேலையைச் செய்தது. ஊசி போடும்போது பிள்ளைகளுக்குப் பராக்குக் காட்டுவதற்காக நான் எப்போதும் சொல்லும் வசனம் ஒன்று இருக்கிறது.

"அந்தா பாருங்க, ஜன்னல்ல குருவி."

பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள், நான் குத்திவிடுவேன். இவரும் திரும்பிப் பார்த்தார். அவர் மட்டுமா, மண்டபமே திரும்பிப் பார்த்தது. திரும்பிய வேகத்தில் அவர் கையும் திரும்பியது. என் கையோ பழக்க தோஷத்தில் வைத்தியசாலையில் குத்துகிற மாதிரியே குத்திவிட்டது. கோட்டுக்கு ஒரு கட்டைவிரல் அகலம் கீழே, ஆழமாக. இரத்தம் வந்தது. துடைத்துப் பார்த்தால், அழகாக வந்துகொண்டிருந்த வரிசைக்கு வெளியே, மற்றதையெல்லாம் விடப் பெரிதாக, நீலமாக ஒன்று நிற்கிறது.

யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்வார்கள். சறுக்கிய யானை தன் உடம்பில்தானே அடி வாங்கும்? நான் சறுக்கியது இன்னொரு பெண்ணின் உடம்பில். அம்மா பிறந்த ஊரைத் தேடி வந்த பிள்ளையின் கையில், சாகும் வரைக்கும் அழியாத ஒன்றை வைத்துவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. வலியா, கோபமா, தெரியவில்லை. கேட்டாலும் வாய் திறக்க மாட்டார். மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை மட்டும் மறுபடி மேசையில் நீட்டி வைத்தார். என் முகத்தில் ஈயாடவில்லை. இனி யார் வருவார்கள், எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பின் வாங்கிலிருந்து ஒரு பெண் எழும்பி வந்தார். கொழுந்து பறிக்கிறவர், என்னிடம்தான் பிள்ளைகளுக்கு மருந்து வாங்குவார். எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, அந்தக் கையைக் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். நான், "பாழாக்கிட்டேன்டி" என்றேன். அவர் சாதாரணமாக, "கெடக்கட்டும் மிஸ்ஸி. செடி நிக்கிற எடத்துக்கு நாமதானே போவணும்? செடியா எந்திரிச்சு நம்மகிட்ட வரும்?" என்றார்.

சொல்லிவிட்டு உட்கார்ந்து கையுறையை மாட்டினார். ஊதாக் கோட்டை அவர் கண்டுகொள்ளவே இல்லை. இளைஞர்கள் வைத்த கடைசிப் புள்ளிக்கும் என் புள்ளிக்கும் நடுவில், சரிவாக, ஒன்று வைத்தார். நிரை மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது.

அதைப் பார்த்ததும் இன்னொருவர் வந்தார். பிறகு இருவர். பிறகு வாங்குகள் காலியாகி எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். ஒரே வாக்குவாதம். "இவ்ளோ கிட்டக்க வச்சா கூடையோட ஆளு எப்புடி நடக்கும்?" என்று ஒருவர் அடுத்தவரைச் சத்தம் போட்டார். என் புள்ளியிலிருந்து அப்படியே கீழே போகலாம் என்று ஒரு கட்சி, மேலே ஏற்ற வேண்டும் என்று இன்னொரு கட்சி. அந்தக் கையின் சொந்தக்காரியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் வாய் திறக்காமல், ஒவ்வொரு முகமாக மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபாதர்கூட அங்கியின் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து ஒன்று வைத்தார். நான் ஊசி எடுத்துக் கொடுப்பதும் இரத்தம் துடைப்பதுமாக என் வேலையைப் பார்த்தேன். ஒருவர் கையும் என் கை மாதிரித் தவறவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நிரை முழங்கையைத் தொட்டபோது அதற்கும் பேனைக் கோட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை. இறங்கி, வளைந்து, மறுபடி ஏறிப் போயிருந்தது. பின் வாங்கிலிருந்து முதலில் எழும்பி வந்த அந்தப் பெண் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "அப்புடியே நம்ம ஏழாம் நம்பர் மலை" என்றார். எல்லோரும் எட்டிப் பார்த்து, ஆமாம் என்றார்கள். அந்தப் பெண்ணே தொடர்ந்து சொன்னார்: "யாராச்சும் எந்தக் கணக்குன்னு கேட்டா, ஏழாம் நம்பர் மலைல எனக்கு நெரை இருக்குன்னு சொல்லும்மா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அப்போதுதான் கொழும்பிலிருந்து வந்தவர் எழும்பினார். நிபந்தனை முடிந்துவிட்டது. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கூட்டம் தேநீர் குடிக்கப் போன பிறகு அவர் கையைக் கழுவி மருந்து பூசினேன். என் புள்ளியைச் சுற்றி வீங்கியிருந்தது. "தங்கச்சி, என்னை மன்னிச்சிருங்க" என்று மறுபடி சொன்னேன்.

அவர், "மிஸ்ஸி, ஜன்னல்ல நெசமாவே குருவி இருந்துச்சா?" என்று கேட்டார்.

இல்லை, எல்லோருக்கும் சொல்வதுதான் என்று வெட்கத்தோடு ஒத்துக்கொண்டேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "கசப்பு மருந்து குடுக்கறப்ப எங்கம்மா இப்படித்தான் எதையாவது காட்டுவாங்க. அம்மா போனப்புறம் என்கிட்ட யாரும் அப்படிச் சொன்னதில்ல. ஊசியெல்லாம் மறந்துபோச்சு, அதான் திரும்பிட்டேன்" என்றார்.

அழுகை வந்தது, அழுதேன். அவருக்குக் கட்டுப்போட வேண்டிய கையால் என் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மறுபடி போய்க் கை கழுவிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை ஊருக்கு வந்து போய்விட்டார். வரும்போதெல்லாம் நேராகக் கொழுந்து பறிக்கிற அந்தப் பெண்ணின் லயத்துக்குத்தான் போகிறார். அம்மா எந்தத் தோட்டம் என்று இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கிடைத்தால் சந்தோஷம், கிடைக்காவிட்டாலும் தங்க ஒரு வீடு கிடைத்துவிட்டது. நான் இப்போதும் தினமும் ஊசி போடுகிறேன். முந்தியெல்லாம் ஒரு பிழை நடந்தால் அதை யார் கண்ணிலும் படாமல் மறைப்பதுதான் கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது பிழை நடந்த இடத்தில் கையை விரித்துக் காட்டிக்கொண்டு கொஞ்சம் பொறுத்திருந்தால், பின் வாங்கிலிருந்து யாராவது ஒருவர் எழும்பி வருவார் என்ற நம்பிக்கை எனக்கு வந்துவிட்டது.