கத்தரிப்பூச் சேலையில் ரோமாபுரிக் கப்பல்

எனக்குத் தெரிந்த கடல் மகாபலிபுரமும் புதுச்சேரியும்தான். அதைத் தாண்டிப் போனதில்லை. ஆனால் கிரேக்கர்கள் எந்தக் கரையில் திராட்சை ரசம் ஏற்றினார்கள், ரோமாபுரிக்காரர்கள் அதை எங்கே கொண்டுபோய் இறக்கினார்கள் என்று கேட்டால் நிற்காமல் ஒரு மணி நேரம் பேசுவேன். யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

இந்தக் கிறுக்கு எனக்குப் புதுச்சேரியில் பிடித்தது. கல்யாணமான புதிதில் அங்கே போனபோது மியூசியத்தில் ஒரு பழைய ஜாடி இருந்தது. இரண்டு காது, கூரான அடி. தரையில் நிற்காத ஜாடியை எவன் செய்வான் என்று சிரித்தேன். பக்கத்து அட்டையைப் படித்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. அது ரோமாபுரியிலிருந்து கடல் தாண்டி வந்த ஜாடி. அடி கூராக இருந்தால்தான் கப்பலுக்குள் ஒன்றின் இடுக்கில் ஒன்றைச் செருகி அடுக்க முடியுமாம். அடேயப்பா, தொழில் தெரிந்தவன் செய்த வேலை என்று வாய்விட்டே சொன்னேன். அதன் பிறகு நூலகத்துப் புத்தகம், இப்போது செல்போன் வீடியோ என்று ஓடிக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் கேட்க எனக்கு வாய்த்தது ஒரே ஆள், என் மனைவி. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறியில் இரண்டு பேருமாகத்தான் நெய்கிறோம். உடலுக்கு ஒரு நிறம், பார்டருக்கு வேறு நிறம் என்று கோர்த்து நெய்யும் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். உடலும் இடது பார்டரும் என் பொறுப்பு. வலது பார்டருக்குக் குறுக்கிழை ஓட்டும் நாடாக் கட்டை அவள் கையில். இருபத்தைந்து வருஷமாக அவள் காது என் வாய்க்கு இரண்டு முழம் தள்ளித்தான் இருக்கிறது. என் வாய் சும்மா இருக்குமா?

கடல் நத்தையிலிருந்து சாயம் எடுத்த கதையைச் சொன்னேன். கிரேக்கப் பெண்கள் தைக்காத துணியைத் தோளில் இரண்டு ஊசி குத்திக் கட்டிக்கொண்ட கதையைச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் அவள் பதில் ஒரு "ம்". கொஞ்சம் நீட்டினால், "இழை அறுந்துக்கினு கெடக்குது, மொதல்ல அத்த பாருங்க" என்பாள். இவளுக்கு இதில் ஒரு சொல்கூட ஏறவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தமும் உண்டு.

போன தை மாதம் அவள் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் நெய்த நாங்கள் என் மனைவிக்கென்று ஒன்றும் நெய்ததில்லை. இந்தத் தடவை நெய்துவிடுவது, ஆனால் அவளிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். தாமல் ஏரி நிரம்பி அலையடித்துக் கொண்டிருந்தது. கரையில் உட்கார்ந்து கிராஃப் தாளில் ஒரு கப்பல் வரைந்தேன். ஒரே பாய், வளைந்த மூக்கு, வயிறு நிறைய ஜாடி. அடியில் கிரேக்கப் பானைகளில் வருகிற மாதிரி சுருண்டு சுருண்டு ஓடும் அலை. உடலுக்குக் கத்தரிப்பூ நிறம். நத்தைச் சாயம் அந்த வகை நிறம்தானே. பார்டருக்குப் பச்சை, அதில் கப்பல் முழுக்கச் சரிகை.

சென்னையில் ஒரு பார்ட்டி கேட்டிருக்கிறது என்று புளுகினேன்.

"எந்தக் கிறுக்குபா பொடவைல கப்பல் கேட்டுது?" என்றாள்.

"இருக்குது ஒண்ணு" என்றேன்.

அவளுக்கான சேலையை அவளே பக்கத்தில் உட்கார்ந்து நெய்தாள். எனக்கு உள்ளூரச் சிரிப்பு தாங்கவில்லை.

கல்யாணத்தன்று காலையில் மடிப்பைப் பிரித்து அவள் கையில் வைத்தேன். ஒரு நிமிஷம் சேலையைப் பார்த்தாள், ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். "அந்தக் கிறுக்கு நீங்கதானா?" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். பச்சை ஜாக்கெட் ஒன்று இருந்தது, பொருந்திவிட்டது. கட்டிக்கொண்டு வெளியே வந்தவளைப் பார்த்ததும் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அழகில் பாதி, அதிர்ச்சியில் பாதி.

காலடியில் கப்பல்கள் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தன. மார்பின் குறுக்கே தோளுக்கு ஏறும் மேல் பார்டரில் அத்தனை கப்பலும் தலைகீழாகக் கிடந்தன. பாய் கீழே, அடிப்பக்கம் வானத்தைப் பார்த்து.

நடந்தது எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் தறியில் இரண்டு பார்டருக்கும் டிசைன் எடுக்கும் துளை அட்டை ஒன்றேதான். ஒன்றை ஒன்று பார்த்து நிற்கும்படிதான் பூ விழும். மாங்காயோ கொடியோ ருத்திராட்சமோ தலைகீழாக நின்றால் ஒன்றும் குடி முழுகிவிடாது. கப்பல் அப்படி இல்லையே! தறியில் கப்பல்கள் இரண்டு ஓரத்திலும் படுத்த மாதிரிதான் தெரியும். இடமும் வலமும் ஒத்துப்போனால் எங்கள் கண்ணுக்கு எல்லாம் சரி. சேலையை எழுப்பி நிறுத்திப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

"வேற கட்டிக்கமா, இது வேணாம்" என்றேன். ஓரிக்கைக் கல்யாண மண்டபத்தில் கூடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நெசவுக்காரர்கள். பத்தடி தள்ளி நின்றே பிசகைப் பிடிப்பார்கள். என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். அவளைப் பார்த்துச் சிரிப்பார்களே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவள் கண்ணாடி முன்னால் நின்று அந்தக் கப்பல்களைத் தடவிப் பார்த்தாள். "மேல் பார்டர் நான் ஓட்டினதாச்சே" என்றாள். பிறகு, "நேரமாவுது. வண்டிய எடுங்க."

மண்டபத்து வாசலிலேயே மாட்டிக்கொண்டோம். பெண்ணின் அப்பா, அதாவது என் மனைவியின் அண்ணன், தாம்பூலத் தட்டோடு வந்தவர் அப்படியே நின்றார்.

"இன்னாமா இது, கப்பலு கவுந்துக்கினு கெடக்குது? மாப்ள தறியிலேயே தூங்கிட்டாரா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

"கவுந்துடலண்ணா, முழுகிக்கினு இருக்குது" என்றாள் அவள். "கீழ ஓடறது அவரு கப்பலு, மேல முழுகுறது என்னுது. ஓடற கப்பலு ஊரு போய்ச் சேந்துச்சுன்னா ஜாடிய எறக்கி, இருக்கறத குடிச்சிட்டு ஒடச்சிப் போட்டுடுவாங்க. முழுகின கப்பல்லதான் ரெண்டாயிரம் வருசமா அடுக்கினது அடுக்கின மாதிரியே இருக்குது. கடலுக்குள்ள எறங்கினவங்க அத்ததான் பாத்தாங்க. அந்த ஜாடிக்கு அடி ஏன் கூரா இருக்குது தெரியுமாண்ணா?"

அண்ணன் தட்டைக் கீழே வைத்துவிட்டார். அவள் நிறுத்தவில்லை. ஜாடி அடுக்கிய விதம், நத்தைச் சாயம், தைக்காத துணி, தோள் ஊசி என்று போய்க்கொண்டே இருந்தாள். பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி கப்பலை எண்ணிப் பார்த்தாள்.

"முழுகின ஜாடிக்குள்ள ஆக்டோபஸ் குடித்தனம் பண்ணிக்கினு இருந்துச்சாம்" என்றாள் என் மனைவி.

நான் நிமிர்ந்தேன். அதைச் சொன்னது நான்தான். எப்போதோ ஒரு மழைக்காலத்தில், வேலை ஓடாமல் உட்கார்ந்திருந்தபோது சொன்னது. அவள் தறியில் சாய்ந்து தூங்கிவிட்டாள் என்று நினைத்துப் பாதியில் நிறுத்தியிருந்தேன். சொன்னதையே நான் மறந்துவிட்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு சந்தோஷம்! அன்று பந்தியில் இரண்டு தடவை பாயசம் வாங்கினேன்.

மறுநாள் தறியில் உட்கார்ந்தோம். எனக்கு என்னவோ கூச்சமாக இருந்தது. நாலு விரல்கடை நெய்திருப்போம்.

"இன்னாங்க, இன்னிக்கு வாய மூடிக்கினு இருக்கீங்க?" என்றாள். "அந்தக் கலங்கரை வெளக்கத்து கதை பாதியிலேயே நிக்குதே."

"எங்க வுட்டேன்?"

அவள் நாடாவை என் பக்கம் தள்ளினாள். "உச்சில நெருப்பு வெச்சிட்டாங்க. கப்பலு இன்னும் கரைக்கு வரல."