பெரில் கிளெக்கின் சிவப்பு டப்பா

தேயிலை டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் பெரில் கிளெக் அதைக் காதோரம் வைத்து ஓர் உலுக்கு உலுக்குவாள். உள்ளே இலை சரசரக்க வேண்டும். மணல் மாதிரி இழைந்தால் அடியில் தூள் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்; டப்பா நேரே கொல்லைப்பக்கம் போய் ரோஜாச் செடியின் காலடியில் கவிழும். "தூள் போட்டா நிறம் சீக்கிரம் வந்துடும், கண்ணு. நிறத்தைப் பாத்து ஏமாறுறவங்களுக்கு அது போதும்" என்பாள். எல்லாரும் அவளுக்குக் கண்ணுதான். நான் கண்ணு, தபால்காரர் கண்ணு, சர்ச் பாதிரியார் கண்ணு. அவள் வீட்டுப் புகைக்கூண்டில் உட்கார்ந்து கத்துகிற காக்கையும் கண்ணு.

எங்கள் ஊர் ஹெதர்ஷா சந்தையில் தேயிலை விற்கிறவன் அவள் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவான். ஒரு சிட்டிகை இலையை உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்ப்பாள். பறந்தது எவ்வளவு, நின்றது எவ்வளவு என்று பார்ப்பாள். விரலால் நசுக்குவாள். நொறுங்கினால் பழசு. வாங்க வந்தீர்களா, வம்பு பண்ண வந்தீர்களா என்று அவன் கேட்காத வாரம் இல்லை. வாங்காமல் அவள் போன வாரமும் இல்லை.

அவள் அலமாரியில் இரண்டு டப்பாக்கள். சிவப்பு டப்பாவில் அஸ்ஸாம். ஊறினால் செங்கல் நிறம், பாலை ஊற்றினாலும் தலை குனியாது. பச்சை டப்பாவில் மலைத் தேயிலை. மணம் தூக்கும், விலையும் தூக்கும். வெளியூர்க்காரர்கள் பச்சை டப்பாவைப் பார்த்ததும் நமக்கு எவ்வளவு மரியாதை என்று பூரித்துப்போவார்கள். விஷயம் நேர் எதிர். பச்சை, அவளுக்குப் பிடிக்காதவர்களுக்கு. பாதிரியாருக்குப் பச்சை. கவுன்சில் ஆட்களுக்குப் பச்சை. சொந்த மகன் கிரஹாம் தெற்குக் கோடியிலுள்ள கென்ட்டிலிருந்து காரில் வந்து இறங்கினால் அவனுக்கும், சில வருடங்களாக, பச்சைதான். பக்கத்து வீட்டுக்கு நான் குடிவந்த புதிதில் எனக்கும் பச்சையே கிடைத்தது. ஒரு பனிக்காலத்தில் அவள் வாசல் பனியையும் சேர்த்து வாரித் தள்ளினேன். மறுநாள் கோப்பையில் செங்கல் நிறம். தவமணி என்ற என் பெயர் அவள் வாயில் டேவ் ஆனதும் அன்றுதான்.

அதற்கு முன்னாலேயே எங்களுக்குள் பழக்கம் உண்டு, ஒரு மாதிரியான பழக்கம். நான் பஸ் ஓட்டினேன். அவள் பள்ளிக்கூடத்து வாசலில், மஞ்சள் கோட்டும் வட்டப் பலகை பொருத்திய கம்புமாக, பிள்ளைகளைச் சாலை கடக்க வைக்கிற வேலை பார்த்தாள். கம்பை நீட்டினால் சட்டப்படி நிற்க வேண்டும். அவள் கம்பை நீட்டியதே இல்லை. இடது உள்ளங்கையைத் தூக்கிக் காட்டுவாள், அவ்வளவுதான். ரெட்டை மாடி பஸ் அந்தக் கைக்கு முன்னால் மூச்சுவிடாமல் நிற்கும். வேலையை விட்டு வெகுகாலம் ஆகியும் கை மாறவில்லை. பேச்சில் யாராவது குறுக்கே வந்தால், உள்ளங்கை எழும்பும். நானும் பழைய நினைப்பில் கப்பென்று நின்றுவிடுவேன்.

டீ போடுவதில் அவளுக்கு இருக்கிற சட்டங்களுக்குப் முன்னால் பாராளுமன்றம் தோற்றுப்போகும். குழாயைத் திறந்து, தண்ணீர் விரலைக் கடிக்கிற குளிர்ச்சிக்கு வரும்வரை ஓடவிட வேண்டும். மலைமேல் ஏரியிலிருந்து வருகிற தண்ணீர். சோப்பு தொட்டாலே நுரைக்கிற மெல்லிய தண்ணீர். கெட்டில் அடுப்பில் விசிலடித்ததும் முதலில் கொஞ்சத்தை, டீ ஊறுகிற மூக்குவைத்த கெண்டியில் ஊற்றி, கெண்டியைச் சூடாக்கி, அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். பிறகு இலை. பிறகு மறுபடி பொங்குகிற தண்ணீர். கெண்டிதான் கெட்டிலைத் தேடிப் போக வேண்டும், கெட்டில் கெண்டியைத் தேடி வரக்கூடாது. டீ ஊறும்வரை சூடு ஆறாமலிருக்கக் கெண்டிக்குக் கம்பளிக் குல்லா. குல்லா ஏறிவிட்டால் எடுக்கும்வரை யாரும் வாயைத் திறக்கக்கூடாது. பேசினால் கசக்குமாம். கோப்பையில் பால் முதலில், டீ பிறகு. கெண்டியின் உட்புறம் கன்னங்கரேலென்று இருக்கும். அதைச் சோப்புப் போட்டுக் கழுவுவது அவள் கணக்கில் கொலைக்குச் சமம். ஒரு கிறிஸ்துமஸுக்கு என் மனைவி நல்ல மனசோடு அதைத் தேய்த்துப் பளபளவென்று வைத்துவிட்டாள். வசந்தம் வரும்வரை அந்த வீட்டிலிருந்து எங்களுக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர் மெல்லிசு. விடிந்ததும் பெரிலின் கெட்டில் விசிலடிப்பது எங்கள் படுக்கையறையில் கேட்கும். கொஞ்ச நேரம் கத்தும், அடங்கும். இலையுதிர் காலத்தில் ஒருநாள் அது அடங்கவில்லை. கத்திக்கொண்டே இருந்தது. பிறகு தண்ணீர் வற்றி, விசிலும் நின்றது. நான் செருப்புகூடப் போடாமல் ஓடினேன். சமையலறைத் தரையில் கிடந்தாள், வலது மணிக்கட்டு கோணிக்கொண்டு, கெட்டில் அடி கருகிக்கொண்டு. முதலில் அடுப்பை அணை என்றாள். பிறகு, கெட்டில் வீணாப்போச்சா என்று கேட்டாள்.

மணிக்கட்டு கூடிவிட்டது. ஆனால் கிரஹாமுக்கு மனசு ஆறவில்லை. அம்மா தனியாக இருக்க முடியாது என்று முடிவு கட்டிவிட்டான். கென்ட்டில் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு முதியோர் இல்லத்தில் அறை பார்த்துவைத்திருந்தான். நல்ல பிள்ளைதான், கெட்ட எண்ணம் இல்லை; பயந்துபோயிருந்தான். ஆனால் பெரில் அந்த இல்லத்தை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னது வேறு கதை. அங்கே டீயை ஒரு இயந்திரம் துப்புகிறதாம். கென்ட் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். டீயின் மேல் ஆடை மாதிரி ஒரு அழுக்கு மிதக்குமாம். "அந்தச் சனங்க அதையும் குடிக்குதுங்க, டேவ். நன்றின்னு வேற சொல்லுதுங்க" என்றாள். சிரித்துக்கொண்டே போய் அலமாரியிலிருந்த சிவப்பு டப்பாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இந்த வீட்டைவிட்டுப் போனால் அவள் அதிக காலம் இருக்கமாட்டாள் என்று எனக்கு அப்போது பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது.

கடைசியில் ஆஸ்பத்திரி ஒரு வழி சொன்னது. ஆள் அனுப்புவார்கள். பெரில் தன் சமையலறையில், தன் கையால், பிறர் உதவி இல்லாமல் டீ போட்டுக் காட்ட வேண்டும். வந்த ஆள் பார்த்து எழுதுவதை வைத்து, வீடா கென்ட்டா என்று தீர்மானமாகும். கிரஹாமும் அதற்கு ஒத்துக்கொண்டான். எங்கள் தெருவில் இதைக் கேட்ட எல்லாரும் சிரித்தார்கள். பெரிலுக்கு டீ போடவா பரீட்சை என்றார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வந்தவள் லிண்ட்ஸி. நாற்பது வயதிருக்கும், மலைக்கு அந்தப் பக்கத்துப் பெண், ஈரக் குடையை வாசலிலேயே விட்டுவிட்டு வந்த நல்ல வளர்ப்பு. மடியில் ஃபைலும் கையில் பேனாவுமாக உட்கார்ந்தாள். துணைக்கு நான் இருக்கலாம். ஆனால் உதவக்கூடாது, நினைவூட்டக்கூடாது, கண்ஜாடைகூடக் கூடாது என்று என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள். சொன்ன விதத்தில் தப்பில்லை.

தப்பு அடுத்ததில் வந்தது. எத்தனை பேருக்கு என்று பெரில் கேட்டாள். தனக்கு வேண்டாம், வேலைக்குப் போகிற வீடுகளில் எதுவும் குடிக்கக்கூடாது என்பது விதி என்றாள் லிண்ட்ஸி.

"அப்ப நான் குடிப்பேன், நீ உக்காந்து பாப்பியா?" என்றாள் பெரில்.

லிண்ட்ஸி மன்னிப்புக் கேட்டாள். பெரில் திரும்பி அலமாரியிலிருந்து பச்சை டப்பாவை எடுத்து, உலுக்கிக்கூடப் பார்க்காமல் மேடையில் வைத்தாள். போச்சுடா என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் ஆரம்பம் நன்றாகவே போனது. குழாயை ஓடவிட்டாள், விரலை நீட்டிப் பார்த்தாள். கெட்டிலைத் தூக்கும்போது புதிதாய்க் கூடின மணிக்கட்டுக்கு அடியில் இடது கையை முட்டுக் கொடுத்தாள். லிண்ட்ஸி முன்னால் சாய்ந்தாள். கெட்டில் ஆடாமல் அடுப்பில் போய் உட்கார்ந்தது. விசில் அடித்தது. கோப்பையில் பாலை ஊற்றிவைத்துவிட்டு, கெண்டியைக் கெட்டிலிடம் கொண்டுபோய்ப் பாதிக்கு வெந்நீர் ஊற்றி, கெட்டிலை மறுபடி தீயில் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா லிண்ட்ஸி கேட்க வேண்டும்! கென்ட்டுக்குப் போவதைப் பற்றி உங்களுக்கே என்ன தோன்றுகிறது என்று கேட்டாள். அவள் வேலை அது, கேட்டாள். பெரிலின் கழுத்து சிவந்தது. சுண்ணாம்புத் தண்ணீர் வந்தது, இயந்திரம் வந்தது, அங்கே அறைக்குள் கெட்டில் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள் என்பதும் வந்தது. பேசப் பேச அவள் கை அது பாட்டுக்கு வேலை செய்தது. கெட்டில் மறுபடி விசிலடித்தது. கெண்டியை எடுத்துப்போனாள். ஏற்கெனவே இருந்த வெந்நீரின் மேலேயே இன்னும் ஊற்றினாள். மூடினாள். குல்லாவைப் போட்டாள். அடுப்பை அணைத்தாள். பச்சை டப்பா, மூடி திறக்காமல், மேடைமேல் அப்படியே இருந்தது.

கெண்டியைச் சூடாக்கிப் பழகின கைக்குத்தான் இந்தத் தப்பு வரும். எனக்கே வந்திருக்கிறது, சிரித்துக்கொண்டு மறுபடி போட்டிருக்கிறேன். ஆனால் என்னைக் கென்ட்டுக்கு அனுப்ப யாரும் ஃபைலோடு எதிரில் உட்கார்ந்திருக்கவில்லை.

"இலை" என்று ஒரு சொல். அதைத் தொண்டையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொன்னால் லிண்ட்ஸியின் விதி. சொல்லாவிட்டால் பெரிலின் கதி. போதாததற்குக் குல்லா ஏறிவிட்டது; இனி வீட்டில் யாரும் பேசக்கூடாது. இருமிப் பார்த்தேன். லிண்ட்ஸி என்னைப் பார்த்தாள், பிறகு நான் எதைப் பார்க்கிறேன் என்று பார்த்தாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது. அவளும் கெண்டி சூடாக்குகிற ஊர்ப்பெண்தானே. அவள் உதடு கொஞ்சம் பிரிந்தது, மூடிக்கொண்டது. ஜன்னலில் மழை தட்டியது. பெரில் துணியை எடுத்து மேடையைத் துடைத்தாள், துணியை நாலாக மடித்தாள், பச்சை டப்பாவை ஓரமாக நகர்த்தியும் வைத்தாள். நகர்த்தும்போதாவது தோன்றாதா என்று பார்த்தேன். தோன்றவில்லை.

குல்லாவை எடுத்தாள். கோப்பைமேல் வடிகட்டியை வைத்தாள். கெண்டியைச் சாய்த்தாள்.

வெந்நீர் பாலில் விழுந்தது. கோப்பை நிறைய வெள்ளையாக ஏதோ ஒன்று, அரிசி களைந்த தண்ணீர் போல. வடிகட்டியில் ஒன்றுமே இல்லை. பெரில் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. காகிதத்தில் பேனா உரசும் சத்தம் கேட்டது.

இடது உள்ளங்கை எழும்பியது.

பேனா நின்றது. நானும் நின்றேன், உட்கார்ந்த இடத்திலேயே.

"இலையே போடல" என்றாள் பெரில். குரல் சன்னமாக இருந்தாலும் உடையவில்லை. "மறந்துட்டேன், கண்ணு. எழுதிக்கோ. பொய் எழுதுன்னு சொல்லல. ஆனா பாதி ரோட்டுல நிக்கிற ஆளை வச்சுக் கணக்கு எழுதக்கூடாது. நான் அந்தப் பக்கம் போய்ச் சேந்தப்புறம் எழுது."

லிண்ட்ஸி பேனாவை மூடினாள். ஃபைலை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள்.

"போன ஞாயித்துக்கிழமை எங்க மாமியாருக்கு இதே வெந்நீரத்தான் குடுத்தேன்" என்றாள். "அவங்க அதைக் குடிச்சிட்டு நல்லாருக்குன்னும் சொல்லிட்டாங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, பெரில். போடுங்க."

பெரில் சிரிக்கவில்லை. கோப்பையைத் தொட்டியில் கவிழ்த்தாள், கெண்டியைக் கவிழ்த்தாள். குழாயைத் திறந்து, விரலை நீட்டி, தண்ணீர் கடிக்கும்வரை காத்திருந்தாள். கெட்டிலைத் தூக்கும்போது மணிக்கட்டு நடுங்கியது. இடது கை அடியில் போய்த் தாங்கியது. மூன்று கோப்பைகளை எடுத்து வரிசையாக வைத்து, மூன்றிலும் பால் ஊற்றினாள். எனக்கு வேண்டாம் என்று லிண்ட்ஸி இந்தத் தடவை சொல்லவில்லை. விசிலடித்ததும் கெண்டியைச் சூடாக்கினாள், சுழற்றினாள், கொட்டினாள். கொட்டிவிட்டு, உள்ளே ஒருதடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு பச்சை டப்பாவை எடுத்து அலமாரியில் இருந்த இடத்திலேயே வைத்தாள். பக்கத்திலிருந்த சிவப்பு டப்பாவை இறக்கினாள். அதைத் தன் காதுக்குக் கொண்டுபோகவில்லை. நாற்காலிவரை நடந்துவந்து, லிண்ட்ஸியின் காதோரம் பிடித்து, ஓர் உலுக்கு உலுக்கினாள்.