ஐந்து நாற்பதுக்கு அணையும் கம்ப்யூட்டர்

கோடு அக்கா கம்ப்யூட்டரை அணைக்கிற விதமே தனி. திரையில் நிறுத்தும் பட்டனை அழுத்திவிட்டு மற்றவர்களைப் போல எழுந்து ஓடமாட்டார். வலது உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு, உள்ளே விசிறி ஓயும்வரை நிற்பார். ஓய்ந்ததும் கையை மெல்ல எடுப்பார். பிறகு ஜன்னலோரத்து மேசைவிளக்கை அணைப்பார். அப்போது மணி ஐந்து நாற்பது. இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான் என்று சொல்வார்கள். நான் பார்த்தது நான்கு வருடம்.

லிஃப்ட் செய்யும் கம்பெனி எங்களுடையது. லிஃப்ட் ஏறி இறங்கும் குழியின் வரைபடங்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. ஒரு கோடு மயிரிழை விலகினாலும் அவர் கண்ணில் மாட்டிக்கொள்ளும். பட்டப்பெயர் அப்படி வந்தது. நான் அதே மூன்றாம் மாடியில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். என் பெயர் 'வயர்'. வாய் திறக்கமாட்டேன் என்பதால் 'கனெக்‌ஷன் இல்லாத வயர்' என்றும் சொல்வார்கள்.

போன வருடம் அக்காவின் கணவரைப் பக்கவாதம் சாய்த்தது. பேச்சு போய்விட்டது. இடது பக்கம் முழுவதும் செயலிழந்தது. வலது கையில் மட்டும் கொஞ்சம் அசைவு மிச்சமிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். பார்த்துக்கொள்ள வந்த பெண்ணும் பத்தே நாளில் நின்றுவிட்டாள். வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்டு அக்கா மேனேஜர் முன்னால் நின்றார்.

மேனேஜர் எதற்கும் 'பாக்கலாம்' என்று சொல்பவர். “பதினஞ்சு நாள் பாக்கலாம்மா. காலைல எட்டு மணிக்குள்ள ஃபேக்டரிக்குப் படம் போயிடணும். மூணு நாள் தவறுச்சுன்னா நீங்க இங்கயே வந்துடணும். என் கையில ஒண்ணும் இல்ல.”

“வந்துடறேன் சார்” என்றார் அக்கா.

வருவதென்றால் கணவரைப் பராமரிப்பு இல்லத்தில் விட வேண்டும். லேப்டாப்பை அக்காவின் பைக்குள் வைத்துக் கொடுத்தபோது, அந்த இல்லத்தின் விண்ணப்பம் நான்காக மடித்துக் கிடந்ததைப் பார்த்தேன். ஒரு வரிகூட நிரப்பப்படவில்லை.

வரைபட மென்பொருளுக்கு ஒரு சாவி உண்டு. கட்டைவிரல் நீளத்தில், அக்காவின் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் பின்னால் செருகியிருக்கும். அது இல்லாமல் மென்பொருள் திறக்காது. ஆகவே ஆபீஸ் கம்ப்யூட்டர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வீட்டு லேப்டாப் வழியாக அக்கா அதற்குள் நுழைந்து வேலை செய்வார். முதல் நாள் எல்லாம் நன்றாகவே நடந்தது.

இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கு எனக்கு போன் வந்தது. “தம்பி, உள்ள போகவே மாட்டேங்குது. தப்பா ஏதாவது அழுத்திட்டேனா?”

ஆபீஸ் திறப்பது ஒன்பதரைக்கு. மாடிச் சாவி மேனேஜரிடம். நான் போய்ப் பார்த்தபோது அக்காவின் கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. தானாகத் தூங்கிவிடும் அமைப்பாக இருக்கும் என்று அதை மாற்றினேன். மூன்றாம் நாள் காலையிலும் அதே போன், அதே குரல். இந்தமுறை கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். முந்தின நாள் மாலை ஐந்து நாற்பதுக்கு, அக்காவின் கணக்கிலிருந்தே, முறைப்படி அணைக்கப்பட்டிருந்தது.

“அவங்க வீட்ல இருக்காங்க, அவங்க சீட்ல உக்காந்து யாருப்பா அணைச்சது?” என்றார் பக்கத்து சீட்டுக்காரர். “பேயா இருந்தாலும் ஒழுக்கமான பேய்தான். கரெக்டா டயத்துக்கு அணைச்சிட்டுப் போகுது பாரு.”

எல்லாரும் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. “ரெண்டாச்சு வயரு. இன்னும் ஒண்ணுதான்.”

அன்று மாலை ஐந்து மணிக்கு அக்காவின் வீட்டுக்குப் போனேன். ஒரே அறைதான் வீடு. சமையல் மேடைக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை. கட்டிலுக்கு நேர் எதிரே மேசையில் லேப்டாப். அதன் வெளிச்சம் அவர் கணவரின் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவர் கண்கள் திரையை விட்டு நகரவில்லை.

“யார் வந்திருக்கா பாருங்க. எங்க ஆபீஸ் தம்பி. பேசமாட்டான், உங்களுக்கு நல்ல ஜோடி” என்றார் அக்கா. கணவரின் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

இணைப்புப் பெட்டி, கேபிள், வேகம் எல்லாம் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. தரையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது, மணி ஐந்து நாற்பது ஆயிற்று. அக்கா வேலையைச் சேமித்தார். லேப்டாப் திரை முழுக்க விரிந்திருந்த ஆபீஸ் கம்ப்யூட்டரில் நிறுத்தும் பட்டனை அழுத்தினார். திரை கறுத்தது. தொடர்பு அறுந்த செய்தி வருமுன் லேப்டாப்பின் மூடியைச் சாத்தி, உள்ளங்கையை அதன் மேல் வைத்தார்.

அறை சட்டென்று மங்கியது. கட்டிலில் அவர் கணவரின் வலது மணிக்கட்டு மெல்ல ஒருமுறை திரும்பியது. நரம்பு இழுப்பு என்று நினைத்தேன்.

“அக்கா, இப்ப நீங்க அணைச்சது இதை இல்ல. ஆபீஸ்ல இருக்கறதை.”

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. “அய்யய்யோ. அப்ப அந்தப் பேய் நான்தானா?” என்றார். சிரிக்க முயன்று பாதியில் விட்டுவிட்டார். “நாளைக்குக் காலைல திறக்காதா? மூணு ஆயிடுமே தம்பி.”

“ஏழு மணி வரைக்கும் மேனேஜர் இருப்பாரு. நான் ஓடிப்போய் போட்டுடறேன். அந்தப் பட்டனையும் எடுத்துடறேன். திரை தானா அணையாம வெச்சிட்டுப் போறேன். இனிமே மூடியையும் சாத்தாதீங்க, லைன் அறுந்துடும். அப்படியே விட்டுடுங்க.”

“ராத்திரி பகல் எந்நேரமும் வெளிச்சம் இருக்குமா?”

“பழகிடும்க்கா.”

அவர் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். “அந்தப் பட்டன் இருக்கவே கூடாதா தம்பி?” என்றார் கடைசியில்.

“இருந்தா கை தானா போயிடும்க்கா.”

“சரி. எடுத்துடு.”

ஏழு மணிக்குள் வந்து கம்ப்யூட்டரை உயிர்ப்பித்தேன். பட்டனை நீக்கினேன். மேனேஜருக்கு எழுதிக் கொடுத்த தாளில் 'அமைப்புக் கோளாறு, சரிசெய்யப்பட்டது' என்று மட்டும் எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, “பாக்கலாம்” என்றார்.

அதன்பின் ஒரு நாள்கூடப் படம் தவறவில்லை. பதினைந்து நாள் ஒரு மாதமாகி, அதற்கு மேலும் நீண்டது. என் திரையில் அக்காவின் இணைப்பு ஒரு சிறிய பச்சைப் புள்ளி. வந்ததும் அதைத்தான் முதலில் பார்ப்பேன். நாற்பத்தேழு நாள் அது ஒருமுறையும் அணையவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

நாற்பத்தெட்டாம் நாள் புள்ளி இல்லை. அவர் கணவர் விடியற்காலையில், அதே கட்டிலில் இறந்துபோயிருந்தார். விண்ணப்பம் நிரப்பப்படாமலேயே போயிற்று.

மூன்று வாரம் கழித்து அக்கா வேலைக்கு வந்தார். முந்தின நாளே அவர் கம்ப்யூட்டரில் பட்டனைத் திரும்ப வைத்திருந்தேன். அன்று மாலை சீக்கிரம் கிளம்பி வாசலில் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தேன். காவலாளி அண்ணன் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் மாடியில் அக்காவின் ஜன்னல் இருண்டது.

“அந்தம்மா அஞ்சே முக்காலுக்குக் கீழ வந்துடும் பாரு” என்றார். “அவங்க வீட்டுக்காரரு இருந்தாரே, நல்ல மனுஷன். தினமும் இதே தூண்கிட்ட ஸ்கூட்டர்ல உக்காந்திருப்பாரு. உள்ள வந்து உக்காருங்க சார்னா வரமாட்டாரு. கை ஆக்சிலேட்டர்லயே இருக்கும், கண்ணு அந்த ஜன்னல்லயே இருக்கும். மேல வெளிச்சம் போச்சுன்னா போதும், இப்படி ஒரு முறுக்கு” என்று வலது மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். “அது வரைக்கும் அசையமாட்டாரு தம்பி.”