சைடு கொடுத்த விளக்கு

என் முதுகின் மீது எனக்கு எந்த மரியாதையும் இருந்ததில்லை. ஐம்பது வருடமாக என் பின்னால் வந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு ஒரு கண் வாங்கி மாட்ட வேண்டி வந்தது மோகனூர் சாலையால்.

விடிகிற நேரத்தில் நாமக்கல்லிலிருந்து காவிரிக்கரை வரை சைக்கிளில் போய்த் திரும்புவது என் வழக்கம். இதை உடற்பயிற்சி என்று சொல்பவர்களோடு நான் பேசுவதில்லை. ஓரிடத்தில் உட்கார முடியாதவனுக்கு வேறு போக்கிடம் கிடையாது. மிதிக்காத நாளில் ஒரு வரி எழுத வராது. வீட்டில் எரிந்து விழுவேன்.

அந்த நேரத்தில் அந்தச் சாலை யாருடையது என்று சொல்கிறேன். கோழிக்கூண்டு ஏற்றிய லாரிகள் தாண்டும்போது வெள்ளைச் சிறகுகளை முகத்தில் அப்பிவிட்டுப் போகும். கரும்பு டிராக்டர்களுக்கு விளக்கு என்று ஒன்று இருப்பதே தெரியாது. இரண்டு பக்கமும் தொங்கும் தோகை சாலையைக் கூட்டிக்கொண்டே நகரும். தூக்கம் கலையாத பிள்ளைகளை மூட்டைபோல அள்ளிக்கொண்டு பறக்கும் மஞ்சள் பள்ளிப் பேருந்துகள் வேறு. இவர்களையாவது மன்னிக்கலாம், பிழைப்பு. கார்க்காரனை எப்படி மன்னிப்பது? கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, உள்ளே பக்திப்பாட்டை ஓடவிட்டு, என் முழங்கையை உரசிக்கொண்டு போவான். ஓரத்துப் புளியமரத்துக்காவது வெள்ளையடித்து எண் போட்டிருக்கிறார்கள். எனக்கு அதுவும் இல்லை.

போன வருடம் என் மைத்துனனை அப்படி ஒரு கார் பின்னாலிருந்து தட்டியது. மொபெட்டோடு வாய்க்காலில் கிடந்தான். இடுப்பெலும்பு கூடி வரப் பல மாதங்கள் ஆயின. தம்பியை மருத்துவமனையில் பார்த்துவிட்டு வந்த அன்றே என் மனைவி சைக்கிள் சாவியை எடுத்து அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

“பின்னால வர்றது உங்களுக்குத் தெரியற வரைக்கும் சாவி கெடையாதுங்க.”

சேலத்தில் இறுக்கமான பளபளப்புச் சட்டை மாட்டிக்கொண்டு மிதிக்கும் கூட்டம் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை எங்காவது போய் இட்லி தின்றுவிட்டு, தின்ற இட்லியையும் போன தூரத்தையும் படமெடுத்துப் போடுவார்கள். அதில் ஒரு பல் டாக்டர் எனக்குத் தெரிந்தவர். அவர்தான் ரேடார் விளக்கைப் பற்றிச் சொன்னார். சொல்லும்போது குரல் தணிந்தது, கோயில் பிரசாதத்தைக் கையில் வைப்பவரைப்போல. வாங்கினேன்.

இரண்டு தீப்பெட்டிகளை ஒட்டினாற்போல ஒரு கறுப்புப் பெட்டி. சீட்டுக்குக் கீழே மாட்டினால், பின்னால் வரும் வண்டியைத் தொலைவிலேயே அது பார்த்துவிடும். கைப்பிடியில் உள்ள சின்னத் திரையில் ஒரு புள்ளி ஏறி வரும், கீச்சென்று ஒலிக்கும். அதோடு அதன் சிவப்பு விளக்கு, வண்டி நெருங்க நெருங்க வேகமாக மினுக்கும். இங்கே ஒரு உயிர் இருக்கிறது, பார்த்து வா என்று அது எச்சரிப்பதாகப் பெட்டியோடு வந்த தாளில் எழுதியிருந்தது. அந்த மினுக்கலை இந்தச் சாலை எப்படிப் படிக்கும் என்று தாளை எழுதியவனுக்கும் தெரியாது, வாங்கியவனுக்கும் தோன்றவில்லை.

சாவி திரும்பி வந்தது. சில வாரங்கள் நான் ஒரு சிற்றரசனைப்போலத் திரிந்தேன். திரும்பிப் பார்க்காமலே கார்களை எண்ணினேன். ஒவ்வொரு புள்ளியையும் அது காராக மாறுவதற்கு முன்பே வெறுக்க முடிந்தது. வெறுப்புக்கு இப்படி ஒரு முன்னறிவிப்பு கிடைக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

பிறகு அந்த வளைவு வந்தது. கரும்புக்காடு சாலைவரை நெருங்கி நின்று எதிர்ப்பக்கத்தை மறைக்கும் இடம். திரையில் ஒரு புள்ளி. பின்னால் குழாய்களும் கம்ப்ரசருமாக ஒரு போர்வெல் ரிக் லாரி வந்துகொண்டிருந்தது. வளைவு முடியும்வரை பொறுப்பான் என்று நினைத்தேன். அதற்குள் அவன் வலப்பக்கம் ஏறி என்னைத் தாண்டத் தொடங்கிவிட்டான். அதே நொடியில் எதிரே ஒரு மொபெட், இரண்டு பக்கமும் பால் கேன். எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவர். லாரியின் முகத்தைப் பார்த்ததும் வண்டியைக் கரும்புக்குள் செருகினார். தோகை முறியும் சத்தமும் கேன் உருளும் சத்தமும் கேட்டன. லாரி கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நின்றது.

டிரைவர் இறங்கி ஓடி வந்தான். முப்பது வயதிருக்கும். அவனுக்காக நான் ஐம்பது வருடமாகச் சேர்த்து வைத்திருந்த வசவுகளையெல்லாம் எடுத்தேன். முடியும்வரை கேட்டுக்கொண்டு நின்றான்.

“ஏனுங்ண்ணா, என்னைய எதுக்குங்க வையறீங்க? நீங்கதானுங்களே சைடு குடுத்தீங்க.”

நானா என்று கேட்டேன்.

“பின்னால மினுக்குனீங்கல்லங்க. எதுத்தாப்புல ஆரும் இல்லியாட்ட இருக்குதுன்னு நம்பி ஏறுனனுங்க. கிட்ட வர வர வேகமா வேற மினுக்குனீங்க. வெரசாப் போடாங்கறீங்களாட்டன்னு இன்னுங் கொஞ்சம் அழுத்துனனுங்க.”

லாரி ஊரான நாமக்கல்லில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாததல்ல. வளைவில் பின்னால் வருகிறவனுக்கு எதிர்ப்பக்கம் தெரியாது, முன்னால் போகிறவனுக்குத் தெரியும். எதிரே காலி என்றால் பின்விளக்கை மினுக்கிக் காட்டுவான். அதற்குத்தான் சைடு கொடுப்பது என்று பெயர். முகம்கூடப் பார்க்காத ஒருவன் விளக்கால் கொடுத்த வாக்கை நம்பி, இன்னொருவன் முழு லாரியை எதிர்ப்பக்கம் ஏற்றுகிறான். இந்தச் சாலையில் மிச்சமிருக்கும் நாணயம் அது ஒன்றுதான். அதையும் நான் பொய்யாக்கியிருந்தேன், பல் டாக்டர் சொன்ன பெட்டியை வைத்து.

பால்காரர் கரும்புக்குள்ளிருந்து எழுந்து வந்தார். முழங்கை நெடுகச் சிராய்ப்பு. ஒரு கேன் கவிழ்ந்து பால் வாய்க்காலை நோக்கி வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்தது.

“ஆரு சைடு குடுத்தாங்கன்னு அப்பறம் பேசிக்குங்க சாமி. மொதல்ல கேனைத் தூக்குங்க.”

ரிக்காரன் தூக்கினான். நானும் கேனின் ஒரு காதைப் பிடித்தேன். பார வண்டிகளை ஆயுள் முழுக்கத் திட்டியவன், ஒரு கேனின் பாரத்துக்கே மூச்சு வாங்கினேன்.

ஆற்றுக்குப் போகவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் மனைவியிடம் சொல்ல ஒரு பொய்யை இழைத்துக்கொண்டு வந்தேன். உள்ளது உள்ளபடி சொன்னால் சாவி மறுபடி அரிசிக்குள் போகும், இந்த முறை திரும்பாது. நல்ல பொய், எழுதினவற்றில் பலதைவிடச் சுத்தமாக வந்திருந்தது. ஆனால் மொபெட் சைக்கிளைவிட வேகமானது. வாசலில் பாதி அளவு பாலோடு அவள் நின்ற நிலையிலேயே தெரிந்துவிட்டது, பால்காரர் எல்லாவற்றையும் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார் என்று.

“எங்கப்பா லாரி ஓட்டுனவருங்க. கிளீனர் சீட்டுல ஒக்காந்து வளந்தவ நானு. மினுக்குனா என்ன அர்த்தம்னு என்னையக் கேக்கோணும்னு தோணலீங்களா?”

தோன்றவில்லை. சேலத்துப் பல்லைக் கேட்டேன், பெட்டியோடு வந்த தாளைக் கேட்டேன். இருபத்தைந்து வருடமாக எதிரே உட்கார்ந்து காபி குடிப்பவளைக் கேட்கவில்லை. ஊரில் உள்ள கார்க்காரர்களையெல்லாம் குருடர்கள் என்று எழுதியவன்.

அவள் சாவியை வாங்கிக்கொள்ளவில்லை. விளக்கு மினுக்காமல் எரியுமா என்றுதான் கேட்டாள். ஒரு பொத்தானை அழுத்தினால் எரியும். ரேடாரும் கீச்சொலியும் அப்படியே இருக்கும். அழுத்தச் சொன்னாள். தெருவில் என்னை இரண்டு முறை மிதித்துப் போகவிட்டு, பின்னால் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள், அவள் அப்பா லாரிக் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்திருப்பாரே, அதுபோல. இப்போது அது பின்னால் வருகிறவனுக்கு எதையும் சொல்லவில்லை, இருக்கிறேன் என்பதைத் தவிர. வளைவு வந்தால் கையைக் கீழே அமர்த்திக் காட்ட வேண்டும், அதுதான் இரு, தாண்டாதே என்பதற்கு அடையாளம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் அதே வளைவு. கீச்சென்றது. திரையில் ஒரு புள்ளி. வலது கையை நீட்டி உள்ளங்கையைத் தரையை நோக்கி அமர்த்தினேன். பின்னால் ஒரு கார் ஹாரனை அழுத்திப் பிடித்தது, வளைவு முழுக்க விடவில்லை. எதிரே பால் மொபெட் வந்தது, முழங்கையில் துணிக்கட்டோடு, தன் பக்கத்தில் ஒழுங்காகப் போயிற்று. அதன் பிறகுதான் கையை எடுத்தேன்.

கார்க்காரன் தாண்டும்போது கண்ணாடியை இறக்கி என் தாயைப் பற்றி ஏதோ சொன்னான். ஆக, என்னைப் பார்த்திருக்கிறான்; எண் போட்ட புளியமரத்தை யாரும் அப்படித் திட்டுவதில்லை.