கலங்கல் தாண்டிய கெண்டைகள்

மீன் துறையில் வேலை என்றால் மீன் பிடிக்கிற வேலை என்று ஊரில் நினைப்பார்கள். உண்மையில் அது மீனை யாரும் பிடித்துவிடாமல் பார்த்துக்கொள்கிற வேலை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் காவல் காத்துச் சம்பளம் வாங்கியவர்கள் உங்களில் யாராவது இருந்தால், நான் பட்ட பாடு உடனே புரிந்துவிடும். அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் தற்காலிக ஃபீல்டுமேனாகச் சேர்ந்தேன். மீன் குழம்பென்றால் எனக்கு உயிர். அதுவும் அந்த வேலைக்கு ஒரு தகுதி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் வந்த பிள்ளைகள்

முதல் வேலை, அரசுப் பண்ணையிலிருந்து ரோகு, கட்லா என்கிற கெண்டைக் குஞ்சுகளை நாலு தகரப் பாத்திரங்களில் பஸ்ஸில் கொண்டுவருவது. ஒவ்வொன்றும் கண்ணிமை முடி அளவுதான் இருக்கும். வழியெல்லாம் தண்ணீரைக் கையால் அலைத்துக்கொண்டே வர வேண்டும். கை நின்றால் காற்று இல்லாமல் குஞ்சுகள் செத்துவிடும். பக்கத்து சீட்டில் இருந்தவர் கோவிந்தசாமி, பெரிய காஞ்சிபுரத்து நெசவாளி. என் கை ஓய்ந்ததைப் பார்த்து, கேட்காமலேயே பாத்திரங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தறி ஓட்டிப் பழகிய கை, ஒரே சீராகத் தண்ணீரைத் தட்டிக்கொண்டே வந்தது. அந்தச் சத்தத்தில் நான் நன்றாகத் தூங்கிப்போனேன். கனவில்கூடத் தண்ணீர்தான் வந்தது.

கண்டக்டர் வந்து எழுப்பியபோது ஊர் எல்லை வந்திருந்தது. பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "டிக்கெட்டு யாருக்கு சார் போடறது, உங்களுக்கா, உங்க புள்ளைங்களுக்கா?"

தண்ணீரில் தண்ணீர்

திருப்பருத்திக்குன்றத்துக்குச் சற்றுத் தள்ளி ஓர் ஏரி. நிரம்பி வழிந்தால் தண்ணீர் வேகவதி ஆற்றில் போய்ச் சேரும். அந்த ஏரிதான் என் சோதனை. "அடுத்த தைக்குள்ள இங்க கெண்டை வளர்ந்திருக்கணும். இல்லேன்னா இந்த ஏரி லாயக்கில்லைன்னு எழுதிடுவேன், உன் போஸ்ட்டும் போயிடும்" என்று எங்கள் துறை இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் நாலு பேர் என்னை நம்பி இருந்தார்கள்.

குஞ்சுகளைச் சட்டென்று கொட்டக் கூடாது. பாத்திரத்தையே ஏரியில் கொஞ்ச நேரம் மிதக்கவிட்டு, இரண்டு தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்ததும் மெல்லச் சாய்க்க வேண்டும். விடியற்காலைப் பனியில் முழங்கால் தண்ணீரில் நின்று சாய்த்தேன். ஒரு நொடி ஏதோ கலங்கியது, அப்புறம் ஒன்றுமே இல்லை. கரையில் ஏர் ஓட்டப் போகிறவர்கள் நாலைந்து பேர் நின்று பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் மற்றவரிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஒண்ணுமில்லபா, சாரு தண்ணில தண்ணிய ஊத்திக்கினு இருக்காரு."

முள் இல்லாத தூண்டில்

அமாவாசை என்றால் தறிக்கு லீவு. தறிக்கு லீவு என்றால் கோவிந்தசாமி கையில் தூண்டில். வளரும் வரை யாரும் பிடிக்கக் கூடாது என்று நான் தண்டோரா போடாத குறை. அவரோ ஏரிக்கரையில் பனைமரத்து நிழலில், பட்டு நூலையே முறுக்கித் தூண்டில் கயிறாக்கிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பஸ்ஸில் குஞ்சுகளுக்கு உயிர் கொடுத்த மனுஷன் இப்படிச் செய்யலாமா? நூலைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன். நுனியில் ஒன்றுமே இல்லை. நான் அசடு வழிய நின்றதைப் பார்த்து அவர் நகர்ந்து இடம் கொடுத்தார். நானும் உட்கார்ந்தேன். தண்ணீரில் மேகம் போய்க்கொண்டிருந்தது, அந்த மேகத்துக்கு அடியில் என் மீன்கள் இருக்கின்றன என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். நூலை மறுபடி தண்ணீரில் விட்டுக்கொண்டே கோவிந்தசாமி சொன்னார்: "முள்ளு வேணாம் சார், மீனு சும்மா வந்து பாத்துட்டுப் போவட்டும்."

நயினாரின் மதகு

ஏரிக்குக் கீழே முதல் வயல் தரணேந்திர நயினாருடையது. சமணர். பொழுது சாய்ந்தால் விளக்கேற்றிச் சாப்பிடக்கூட மாட்டார், பூச்சி விழுந்து சாகுமே என்று. அவருக்கும் எனக்கும் எப்படி ஒத்துப்போகும், சொல்லுங்கள்! இருந்தும் தினமும் காலையில் கரையில் சந்தித்துக்கொள்வோம். இந்த மீன்கள் எதற்கு என்று அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

சித்திரையில் ஏரி சுருங்கி, மதகடியில் ஒரு மடு மட்டும் மிஞ்சியது. அதில் கெண்டைகள் முதுகு தெரிய நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் அரைக் கிலோ தேறாது, பிடிக்கும் பருவமில்லை. நயினாரின் வயலில் கடைசித் தண்ணீருக்காகப் பயிர் காத்திருந்தது. மதகைத் திறந்தால் பயிர் பிழைக்கும், மீன் சாகும். அவர் இரண்டு நாள் காலையில் வந்து குனிந்து மடுவையே பார்த்தார். மூன்றாம் நாள் வந்து மதகை இன்னும் இறுக்கி, இடுக்கில் களிமண் அப்பினார். பயிர் கருகிப்போயிற்று.

"இதுங்க எல்லாம் தையில வலைக்குத்தான் போவுது, நயினாரே" என்று உளறிவிட்டேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "தெரியும் சார். என் வயலாலே சாவ வேணாம், அவ்ளோதான்."

பன்னைத் தட்டி

ஐப்பசியில் அடித்துப் பெய்தது. ஏரி ததும்பி, உபரி நீர் வெளியேறும் கலங்கல் வழியாக வழியப் போகிற நிலை. வழிகிற தண்ணீரோடு மீனும் போய்விடும் என்பதால் அங்கே மூங்கில் தட்டி கட்ட வேண்டும். "நான் கட்டறேன் சார்" என்று அமாவாசையன்று கோவிந்தசாமி வந்தார். தறியில் பாவு இழைகளைப் பிரித்து நிறுத்துமே பன்னை, அது அவருக்குக் கைவந்த வேலை. அதே மாதிரி மூங்கில் சிம்புகளை நெருக்கி நெருக்கிக் கட்டினார். அழகென்றால் அப்படி ஓர் அழகு! நான் சொக்கிப்போய் நின்றேன். விரல் போகிற அளவாவது இடைவெளி வேண்டும் என்று சொல்லத் தோன்றவேயில்லை. தப்பு என்னுடையதுதான்.

மூன்றாம் நாள் காலை, வைக்கோலும் சருகும் தட்டியை அடைத்துக்கொண்டன. தண்ணீர் போக வழியில்லாமல் ஏறி ஏறி, தட்டியை அப்படியே சாய்த்தது. பின்னாலேயே என் கெண்டைகள் வந்தன. ஒன்றரை கிலோ, இரண்டு கிலோ. இளவெயிலில் செம்புத் தவலை மாதிரி மின்னிக்கொண்டு, அவசரமே இல்லாமல் ஒவ்வொன்றாகக் கலங்கலைத் தாண்டி வேகவதிப் பக்கம் போயின. முழுசாக நான் அவற்றைப் பார்த்தது அன்றைக்குத்தான். வேலை போகப்போகிறது என்று தெரிந்தும், வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தது. கோவிந்தசாமிதான் தலையில் கை வைத்துக்கொண்டார்: "ஒரு பிசிறு இல்லாம கட்டினேனே சார், இருவது வருசமா நூலுக்குத்தானே கட்டிக்கினு இருக்கேன்!"

தை மாத வலை

சொன்னபடி தையில் இன்ஸ்பெக்டர் வந்தார். மூன்று முறை வலை இழுத்தார்கள். நாலு குரவை மீன், ஓர் ஒற்றைச் செருப்பு. கரையில் கூட்டம் சிரித்தது. தட்டி சாய்ந்த கதையை நான் சொன்னேன். வேலை போகிறவன் வேறு என்ன சொல்வான் என்கிற மாதிரி இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். கோவிந்தசாமி என் சிநேகிதர், அவர் பேச்சும் எடுபடவில்லை. இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்துகொண்டே, ஒதுங்கி நின்ற நயினாரைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க. இந்த ஏரியில கெண்டை இருந்துச்சா?" என்றார்.

நயினார் ஏரியைப் பார்த்தார். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஏரி லாயக்கில்லை என்று எழுதிவிடுவார்கள், இனி அதில் குஞ்சும் விடமாட்டார்கள், வலையும் விழாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "இருந்துது சார், கோடையில மடுவுல என் கண்ணால பாத்தேன். இல்லேன்னு சொன்னா அதுங்களுக்கு நல்லது, ஆனா பொய்யாப் போயிடுமே."

அந்த ஒரு வார்த்தையில் என் வேலை நிரந்தரமாகி, மீன் துறையிலேயே இருந்து ரிடயரும் ஆகிவிட்டேன். வீட்டில் மீன் குழம்பு வைக்கிற நாளில் மட்டும் எனக்குத் தனியாக ரசம் வைத்துவிடுகிறார்கள்.