என் சொல்லும் அவள் பேரும்

எங்கள் பக்கத்தில் ஒருவர் நறுக்கென்று ஒன்று சொல்லிவிட்டால் அது அவர் பேரோடுதான் ஊர் சுற்றும். 'டீக்கடைக்காரர் சொன்ன மாதிரி', 'மேலத்தெரு அத்தை சொன்ன மாதிரி' என்று சொந்தக்காரரை முதலில் சொல்லிவிட்டுத்தான் பேச்சை எடுப்பார்கள். பேரை விழுங்கிவிட்டுச் சொன்னால், "இது யாரு சொன்னது?" என்று கேட்டு வாங்கிக்கொள்வார்கள். விருத்தாசலத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து நானும் எவ்வளவோ பேசியிருக்கிறேன். என் பேரோடு ஒன்றுகூடப் போனதில்லை.

சின்னவள் வந்தாள். என் கொழுந்தன் பெண்டாட்டி, பெண்ணாடத்தில் கரும்பு போடுகிறவர்கள் வீட்டுப் பெண். வந்த கொஞ்ச நாளிலேயே தெரு முழுக்க 'சின்னவ சொன்ன மாதிரி'தான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே பீங்கான் கம்பெனியில், பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கும் ஷெட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தோம். ஒரு நாள் நான் போலீஸ் பொம்மைக்கு வைத்த மீசை ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் தொங்கிவிட்டது. சின்னவள் எட்டிப் பார்த்து, "அக்கா, ஏட்டய்யா மீசையில பாதி டூட்டியில இருக்குது, பாதி லீவுல போயிருக்குது" என்றாள். ஷெட்டே சிரித்தது, மேஸ்திரி உட்பட. மீசை வைத்தது நான், பேர் வாங்கியது அவள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் வீட்டுக்காரரையும் விட்டுவைக்கவில்லை. "டீக்கடையில பெஞ்ச உள்ள தூக்கி வச்சாதான் மாமாவுக்கு வூட்டு நெனப்பு வரும்" என்று அவள் சொல்ல, அந்த மனுஷன் வெட்கப்பட்டுச் சிரிக்கிறார். அதையேதான் நான் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் சொன்னால் அதற்குப் பேர் தொணதொணப்பு.

இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துவிட்டேன். பொறுக்க முடியாமல் போனது என் அம்மா விஷயத்தில்தான். அம்மா கருவேப்பிலங்குறிச்சியில் தனியாக இருந்தாள். காயின் போனில் கூப்பிட்டால், சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கமாட்டாள். "ஏண்டி, சின்னவ இன்னிக்கு என்னா சொன்னா?" என்பாள். என் ஒரு ரூபாய்க் காசைப் போட்டு, என் அம்மாவுக்கு, அவள் பேச்சை நான் ஒப்பிக்க வேண்டும். அந்தப் பக்கம் அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள். வயிறு எரியாதா?

அந்த மழைக்காலத்தில் அம்மா வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு விட்டுப்போய், விருத்தாசலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். பேச்சே இல்லை. மெட்ராஸில் வேலை பார்க்கும் என் தம்பி வருவான், கட்டிலோரம் நின்றபடியே நர்ஸிடம் ரெண்டு வார்த்தை பேசுவான், ரயிலுக்கு நேரமாச்சு என்று வாட்ச்சைப் பார்ப்பான், போய்விடுவான். அப்படி அவன் போன ஒரு சாயங்காலம், அம்மா வெகு நேரம் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "சின்னவ ஏதாச்சும் சொன்னாளா?" என்றாள்.

சின்னவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை. என் வாயில் தானாக வந்தது.

"சொன்னா. ஒன் புள்ள வர்றது நம்ம ஜங்ஷன்ல எக்ஸ்பிரஸ் வண்டி நிக்கிற மாதிரியாம். மூஞ்சியப் பாக்குறவங்க பாத்துக்கணும், எறங்கி டீ குடிக்கல்லாம் நேரம் கெடையாதாம்."

அம்மா சிரித்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஐயோ வலிக்குதுடி என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். விழுந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவ வாயே வாயி" என்றாள். 'அது நான் சொன்னதும்மா' என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் சிரிப்பு நின்றுவிடுமோ என்று விழுங்கிவிட்டேன்.

அடுத்த முறை தம்பி வந்தபோது சின்னவளும் இருந்தாள், அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டு. அவன் வாட்ச்சைப் பார்த்ததுதான் தாமதம். "சின்னவ சொன்ன மாதிரி, எக்ஸ்பிரஸ் கெளம்பிடுச்சு" என்று ஆரம்பித்து அம்மா முழுசையும் சொல்லிவிட்டாள். தம்பியின் முகம் கறுத்துப்போனது. "நீங்களா இப்படிச் சொன்னீங்க? எங்கம்மாவப் பாக்க நான் வர்றதப் பத்தி ஒங்களுக்கு என்னாங்க பேச்சு?" என்று சின்னவளிடம் பாய்ந்தான்.

அவள் ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். புரிந்துவிட்டது அவளுக்கு. 'நான் சொல்லல'ன்னு சொல்லேண்டி என்று அவளை மனசுக்குள் கெஞ்சினேன். தம்பி என்னைத் திட்டிவிட்டுப் போகட்டும். அம்மா ஒரே ஒரு தடவை ஆச்சரியப்பட்டு என்னைப் பார்த்தால் போதும்.

"ஆமாங்கண்ணே, நான்தான் சொன்னேன். வெளயாட்டுக்குச் சொன்னது, மனசுல வச்சுக்காதீங்க" என்றாள் சின்னவள்.

அதையும் எடுத்துக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"அவ சொல்லலடா. நான் சொன்னது" என்றேன். பக்கத்துக் கட்டிலுக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

அம்மா சின்னவளின் கையைத் தட்டிக்கொடுத்தபடி என்னைப் பார்த்தாள். "அவளுக்காகப் பழிய ஏத்துக்கிறியே, நல்ல மனசுடி ஒனக்கு" என்றாள். "ஆனா, அப்படிப் பேச ஒனக்கு எங்கடி வரும்?"