கோடுகளை நம்பியவர்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கம்ப்யூட்டர் விற்கிறவர்கள், வந்தவர் வாயைத் திறப்பதற்குள் திரையில் எதையாவது சுழலவிட்டுவிடுவார்கள். 2003-ல் ஒரு சனிக்கிழமை மத்தியானம், டென்சில் என்கிற விற்பனையாளர் ஸ்ரீகண்டனுக்காக ஒரு லேப்டாப்பில் கார் எஞ்சினைச் சுழலவிட்டார். அது கிறுகிறுவென்று சுற்றியது. ஸ்ரீகண்டன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

ஸ்ரீகண்டனுக்கு அப்போது ஐம்பது வயது. பொம்மனஹள்ளியில் பிளாஸ்டிக் சாமான்களுக்கு அச்சு வடிவமைக்கும் சின்னக் கம்பெனியில் அவர்தான் மூத்த டிசைனர். வாளி மூடியோ மிக்ஸி கைப்பிடியோ, எதை வார்ப்பதானாலும் முதலில் எஃகில் அச்சு வெட்டியாக வேண்டும். வரைபடத்தின் மூலையில் 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் அவர் கையெழுத்து விழாமல் ஒரு துண்டு எஃகு மெஷின்மேல் ஏறாது. அந்தக் கட்டத்தைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

ஹோசூரில் இருக்கும் வாடிக்கையாளர்கள், எஃகை வெட்டுவதற்கு முன்னால் அச்சைத் தங்கள் இடத்திலேயே முப்பரிமாணத்தில் பார்க்க வேண்டும் என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அதற்குப் புது சாஃப்ட்வேர், அதைத் தாங்குகிற நாலு லேப்டாப். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஸ்ரீகண்டனுக்கு. துணைக்கு வந்தவள் ஜூனியர் டிசைனர் சஹானா.

"கேம் ஆடற பசங்க இந்தக் கிராபிக்ஸ் கார்டுக்குத்தான் சார் அடிச்சுக்கறாங்க. சக்கத்தா, அட்டகாசமா ஓடும்" என்றார் டென்சில்.

ஸ்ரீகண்டன் பையிலிருந்து தன் சிடியை எடுத்துக் கொடுத்தார். அதில் அவர் வரைந்த அச்சு ஒன்று இருந்தது. ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு விதக் கோட்டில்: ஒன்று நீளக் கீற்று, ஒன்று புள்ளிக்கோடு, ஒன்று கீற்றும் புள்ளியும் மாறிமாறி. அவ்வளவு துள்ளிய லேப்டாப், இதைத் திருப்பியதும் திக்கித் திணறியது. கோடுகள் காணாமல் போய்ப் போய் வந்தன. பக்கத்தில் இன்னொன்று இருந்தது. டிசைன் வேலைக்கென்றே செய்த கார்டு. அதில் ஒவ்வொரு கீற்றும் ஒழுங்காகத் திரும்பியது. ஆனால் அது ஒன்றின் விலைக்கு முதலாவதில் இரண்டு வாங்கிவிடலாம்.

"இந்தக் காலத்துல யாரு சார் புள்ளிக்கோடு போடறாங்க? கலர் குடுங்க! ரெண்டு பார்ட் இடிச்சுக்கிச்சுன்னா அதுவே சிவப்பாக் காட்டிடும், பாருங்க."

"ஆமா சார், பச்சைக்கு நடுவுல பளிச்சுன்னு தெரியுது" என்றாள் சஹானா.

ஸ்ரீகண்டன் திரையைப் பார்க்கவில்லை, சஹானாவின் கண் எங்கே போகிறது என்று பார்த்தார். பிறகு அந்த இடத்தில் குனிந்து, "ம்... தெரியறது" என்றார்.

ஒன்றும் தெரியவில்லை. அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மண்நிறம்தான். இருபத்திரண்டு வயதில் ரயில்வே வேலை கைக்கு வந்து மருத்துவப் பரிசோதனையில் போனது. டாக்டர் நீட்டிய புத்தகத்தில் மற்றவர்கள் எண்ணைப் படித்த இடத்தில் இவருக்கு வெறும் புள்ளிகள். அரசுச் செயலகத்தில் உத்தியோகம் பார்த்த அப்பா அன்றைக்கே சொல்லிவிட்டார்: "இதை யார்கிட்டயும் மூச்சு விடாதே. வேலையும் கிடைக்காது, பொண்ணும் கிடைக்காது." பிள்ளை அப்படியே நடந்துகொண்டார். வரைபலகைக் காலத்தில் எல்லாம் கறுப்பு மை, கவலை இல்லை. கம்பெனிக்குக் கம்ப்யூட்டரும் கலரும் வந்தபோது, பாகத்துக்கு ஒரு கோட்டு வகை என்று விதி போட்டார். ஜூனியர்கள் முதுகுக்குப் பின்னால் திட்டினார்கள். முதலாளி அதற்குக் கட்டுப்பாடு என்று பெயர் வைத்துப் பாராட்டினார்.

ஞாயிறு முழுக்க அவருக்கு இதே நினைப்புதான். மலிவு லேப்டாப் வந்தால் கோடுகள் கைவிட்டுவிடும். பாகங்கள் இடிப்பது கண்ணில் படாமலே கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். ஒரு தடவை தப்பினால் மூன்று மாத உழைப்பும் எஃகும் காயலான் கடைக்குத்தான். உண்மையைச் சொன்னாலோ அந்தக் கட்டமே கைவிட்டுப் போகும். ஐம்பது வயதில் வேறு எவன் கூப்பிடப்போகிறான்?

திங்கட்கிழமை முதலாளி சீனிவாசராகவன், ஸ்ரீகண்டன் எழுதிக் கொடுத்த அறிக்கையைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "கோடு சுத்தமா வரதுன்னு ரெட்டை விலை குடுக்கணுமா? சரியான காரணம் ஒண்ணு சொல்லுங்கோ ஸ்ரீகண்டன், இப்பவே வாங்கிடலாம்."

ஸ்ரீகண்டன் சாக்குகள் மூன்றைத் தயார் செய்துகொண்டுதான் போயிருந்தார். எதிரே சஹானா இரண்டு லேப்டாப்பையும் ஒப்பிட்ட காகிதத்தோடு உட்கார்ந்திருந்தாள். முதல் சாக்கு நாக்கு நுனிவரை வந்தது.

"எனக்குச் சிவப்பு தெரியாது சார்" என்றார். "பச்சையோட கலந்துடும்."

"எப்பலேர்ந்து?"

"பொறந்ததுலேர்ந்து."

சீனிவாசராகவன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் முகத்தில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. "எத்தனை அச்சுல கையெழுத்துப் போட்டிருக்கேள்!"

"ஒண்ணுகூடத் திரும்பி வரலையே சார்." உண்மைதான்.

சஹானா மெதுவாகக் கேட்டாள்: "சார், நீலம் தெரியுமா?"

"நீலம், மஞ்சள் எல்லாம் தெரியும்."

அவள் எழுந்து போய் முதலாளியின் கம்ப்யூட்டரில் சோதனைக்குப் போட்டிருந்த புது சாஃப்ட்வேரைத் திறந்தாள். இங்கே ஒரு கிளிக், அங்கே ஒரு கிளிக். இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. "இடிக்கிற எடத்தை நீலமா மாத்திட்டேன். இப்பப் பாருங்க சார்."

ஸ்ரீகண்டன் பார்த்தார். இடிக்கிற இடம் கருநீலமாக எதிரே நின்றது. யார் கண்ணையும் பின்தொடராமல் அவரே பார்த்தார். தலையை ஆட்டினார்.

"அப்போ சின்னக் கார்டே போறும்" என்றார் சீனிவாசராகவன். முதலாளிக்கு முதலாளி புத்தி. பிறகு சற்று யோசித்து, "இனிமே சஹானாவும் பக்கத்துல ஒரு கையெழுத்துப் போடட்டும், என்ன?" என்றார்.

அது சுருக்கென்று தைத்தது. நியாயம்தான் என்பது தெரிந்தும் தைத்தது.

வெளியே வந்ததும் சஹானா கேட்டாள்: "அந்தப் புள்ளிக்கோடு ரூலுக்கு உங்களை எவ்ளோ திட்டியிருக்கோம் தெரியுமா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்."

"கேட்டாத் தெரிஞ்சுடுமேம்மா."

ஈஜிபுராவுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது அவருக்கு அப்பாமேல் கோபம் வந்தது. அப்பா போய்ப் பத்து வருஷம் ஆகிறது. அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? இத்தனை வயதுக்கு ஒரு மனிதரிடமும் 'இது என்ன கலர்' என்று கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தாலி கட்டிய மனைவியிடம்கூடக் கேட்டதில்லை.

வீட்டில் ருக்கு காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"ருக்கு, நீ கட்டிண்டிருக்கியே, அது என்ன கலர்?"

"இது என்ன புதுசாக் கேலி? அரக்கு" என்றாள். அவர் சிரிக்கவில்லை என்றதும் டம்ளரை நகர்த்திவிட்டு எதிரே உட்கார்ந்தாள். ரயில்வே டாக்டரிலிருந்து அன்று காலைவரை எல்லாவற்றையும் சொன்னார். காப்பி ஆறிப்போயிற்று.

"என் கூறைப் புடவையை நீங்கதானே எடுத்தேள்?"

"கடைக்காரன் முகத்தைப் பாத்து எடுத்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. "இருபது வருஷமா எதைக் கட்டிண்டு வந்து நின்னாலும் நன்னா இருக்குன்னேளே. அதுவும் ஒண்ணும் பாக்காமச் சொன்னதுதானா?"

"இல்லை" என்றார் ஸ்ரீகண்டன். "உன்னைப் பாத்துச் சொன்னது."